அத்தான் குளித்துக்கொண்டிருக்கிறார்

என் அத்தான் இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. இந்த நான்கு வருடங்களாக அவர் குளித்துக்கொண்டேயிருக்கிறார்.

இதை விளக்கிச் சொல்லாவிட்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். என் அக்கா பம்பாயில், செம்பூரில், திலக் நகர் பக்கம், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறாள். அத்தானின் மொபைல் நம்பரை அவள் விடவில்லை. கேஸ், கரண்ட் பில், பாங்க், கூரியர் எல்லாம் அந்த நம்பரில்தான் ஓடுகிறது. யாராவது கூப்பிட்டு ஸாப் இருக்கிறாரா என்று கேட்டால், அக்கா மூச்சு விடாமல், "ஸாப் நஹா ரஹே ஹைன்" என்பாள். கேட்கிறவர் தமிழராக இருந்தால், "அவிய குளிச்சிட்டிருக்காவ, என்ன விஷயம்னு எங்கிட்ட சொல்லுங்க."

ஏன் குளியல் என்று நானும் கேட்டிருக்கிறேன். வெளியே போயிருக்கிறார் என்றால் வீட்டில் ஆம்பளை இல்லை என்று ஆகிவிடுமாம். தூங்குகிறார் என்றால் எழுப்பச் சொல்வார்களாம். குளிக்கிற மனுஷனை மட்டும் யாரும் வெளியே கூப்பிட முடியாது. இவ்வளவு யோசித்து முடிவெடுத்தவளிடம் நான் என்ன பேச? உயிரோடு இருந்தபோது அத்தான் அரை வாளித் தண்ணீரில் காரியத்தை முடித்துவிட்டு ஈரத் தலையோடு ஹார்பர் லைன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர். செத்த பிறகுதான் நிதானமாகக் குளிக்கக் கொடுத்துவைத்திருக்கிறது.

போன் மட்டும் இல்லை. வாசலில் அவருடைய கோலாப்புரி செருப்பு கிடக்கும். தினமும் காலையில் அக்கா அதைத் தூசி தட்டித் துடைத்து, இடம் மாற்றி வைப்பாள். ஒருநாள் வாசலைப் பார்த்து, ஒருநாள் படியைப் பார்த்து, அவசரமாக வந்து கழற்றிய மாதிரி ஒன்று குப்புறக் கிடக்கும் இன்னொரு நாள். மழைக்காலத்தில் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுவாள், நனைந்து வந்ததாகத் தெரிய வேண்டும் என்று. வாரம் ஒருமுறை அவர் சட்டை ஒன்று பால்கனிக் கொடியில் காயும். வீட்டில் ஆம்பளை இருக்கிறான் என்று தெரிந்தால் கள்ளன் வரமாட்டான் என்பது அவள் கட்சி.

நான் பூட்டு விற்கிறவன். தாராவியில் எனக்கு ஒரு சின்னக் கடை. பூட்டு, தாழ்ப்பாள், கீல், கொண்டி. எங்கேயாவது ஒரு வீட்டில் திருட்டுப் போனால் மறுநாள் அந்தச் சந்து முழுக்க என் கடை வாசலில் நிற்கும். அந்த வகையில் திருடன் எனக்காக உழைக்கிற ஆள், சம்பளம் மட்டும் என்னிடம் வாங்குவதில்லை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறேன், என் சொந்த அக்காவுக்கு விற்க முடியவில்லை. அவள் கதவில் இருந்தது, ஹேர்பின்னைக் காட்டினாலே திறந்துகொள்கிற பழைய பூட்டு. கடையிலேயே கனமான ஒன்றை எடுத்து, காசு வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளாமலிருக்க அதன்மேல் பாரமாக வைத்துக்கொண்டாள்.

"நல்ல கனம்டே. இது மாதிரி இன்னொண்ணு இருக்கா?" என்று வேறு கேட்டாள்.

அக்காவுக்கு ஒரே மகன், எனக்கு மருமகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கோபர்கைரனேயில் வீடு. மிக நல்ல பிள்ளை. ஒரே குறை, அம்மாவைப் பற்றிக் கவலைப்படுவதை அவன் ஒரு வேலையாகவே வைத்திருந்தான். ஓடிபி சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே, ஆதார் படத்தை யாருக்கும் அனுப்பாதே என்று தினமும் ஒரு வீடியோ அனுப்புவான். ஒருத்தர் பெயரையும் விவரங்களையும் இன்னொருத்தன் எடுத்துப் போட்டுக்கொண்டு ஏமாற்றுவதற்கு ஐடென்டிட்டி தெஃப்ட் என்று பெயர் என்று எங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தவனும் அவன்தான். அக்கா எல்லா வீடியோவுக்கும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்புவாள். ஒன்றையும் பார்க்க மாட்டாள்.

அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும், செம்பூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்பது அவன் நெடுநாள் ஆசை. அவன் வீட்டுக்கு நானும் போயிருக்கிறேன். கீழே கேட்டில் என் பெயரைக் கேட்டு, படம் பிடித்து, மாடிக்கு அனுமதி கேட்டு, அது வருகிற வரைக்கும் மாம்பழப் பெட்டியோடு வெயிலில் நின்றேன். அக்கா அங்கே போனால் கதவைத் திறக்கிற உரிமைகூட அவளுக்கு இருக்காது, ஒரு போன் திறந்துவிடும். அவன் மனைவியும் தங்கமான பெண்தான். ஆனாலும் அக்கா அங்கே இரண்டு நாளுக்கு மேல் தங்கமாட்டாள். "எனக்குன்னு ஒரு வாசல் வேணும்டே," என்பாள். அவ்வளவுதான் அவள் காரணம். எனக்கு அது போதுமான காரணமாகத்தான் பட்டது.

போன மழைக்காலத்தில் அக்காவின் கட்டடத்தில் பக்கத்து விங்கில் ஒரு வீட்டை உடைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. சும்மா போகவில்லை. ஸ்டேஷனில் பெட்டிகளோடு நின்று எல்லோரும் பல்லைக் காட்டிப் படம் எடுத்து, ஒரு வாரம் ஜாலி என்று ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் ஆள் இருக்கிறதா என்று நோட்டம் பார்க்கிற சிரமத்தைக்கூட அவர்கள் திருடனுக்கு வைக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். எங்கள் சந்தில் தண்ணீர் வராத நாட்களில் அக்கா வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கடைக்குப் போவது என் வழக்கம். உள்ளே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. திருட்டைப் பற்றி விசாரிக்க ஒரு கான்ஸ்டபிள் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். வாசலில் செருப்பைப் பார்த்திருப்பார். ஸாப் எங்கே என்று கேட்டார்.

"ஸாப் நஹா ரஹே ஹைன்," என்றாள் அக்கா.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் சோப்பு நுரையோடு நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு வருடங்களில் முதல்முறையாக அவள் சொன்னதில் பாதி உண்மை. யாரோ ஒரு ஸாப் குளித்துக்கொண்டுதான் இருந்தார்.

சரி, காத்திருக்கிறேன் என்றார் கான்ஸ்டபிள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. என் சிரிப்பு நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம்தான் குளிக்க முடியும்? வாளியில் தண்ணீர் தீர்ந்தது. தலையைத் துவட்டினேன். காலியான வாளியில் மக்கை மோதி, குளிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கொடுத்துப் பார்த்தேன். வெளியே டீ ஆற்றுகிற சத்தமும், அக்காவை மராத்தியில் சித்தி முறை வைத்து, மாவ்ஷி, டீ நன்றாயிருக்கிறது என்ற பாராட்டும் கேட்டன. இனி வழியில்லை. அக்கா எடுத்து வைத்திருந்த லுங்கியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அது அத்தானுடைய லுங்கி.

கான்ஸ்டபிள் ஐம்பதை ஒட்டியவர், கனத்த ஆள், நிதானமானவர். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அப்புறம் என் தலைக்கு மேலே சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டீயைப் பார்த்தார்.

"ஸாபின் பெயர்?" என்று இந்தியில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அத்தானின் பெயரைச் சொல்லிவிட்டாள். யோசித்துச் சொன்னதல்ல, பழக்கம். சொன்ன பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆனால் அதை எப்படித் திரும்ப வாங்குவது? இவர் என் தம்பி, அவர் செத்து நாளாகிறது என்று சொன்னால், அப்புறம் ஏன் குளிக்கிறார் என்று சொன்னாய் என்பார்கள். வீடு உடைத்த கேஸில் பொய் சொன்ன ஆள் யார் யார் என்று முதலில் எங்களைத்தான் பிடிப்பார்கள் என்று தோன்றியது.

ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டதா என்று என்னிடம் கேட்டார். கேட்கவில்லை என்றாள் அக்கா. ஸாப் எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று கேட்டார். சீக்கிரம் தூங்கிவிடுவார் என்றாள். புது ஆள் யாரையாவது படியில் பார்த்தாரா? பார்க்கவில்லை. ஸாப் வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று அவர் என்னைப் பார்க்க, நான் இருமினேன். தலை ஈரம், ஜலதோஷம் என்றாள் அக்கா. அத்தான் இருந்த காலத்திலும் அவருக்கான பதிலை அவள்தான் சொல்வாள் என்பதால், ஒரு வகையில் நான் அவராகச் சரியாகவே நடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மராத்தியில் ஏதோ எழுதினார். கையெழுத்துக்கு நான் கை நீட்டியபோது, ஸாபுக்கு ஈரக் கை, பேப்பர் நனைந்துவிடும், மாவ்ஷியே போடட்டும் என்று அக்காவிடம் நீட்டினார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். போகும்போது வாசலில் குனிந்து செருப்புகளைப் பார்த்தார். அத்தானின் கோலாப்புரிக்குப் பக்கத்தில் என் ரப்பர் செருப்பும் கிடந்தது. ஒன்றும் கேட்காமல் படியிறங்கிவிட்டார்.

கதவைச் சாத்தியதும் அக்கா என்மேல் பாய்ந்தாள்.

"ஏல, போலீஸ் முன்னால போயி அவிய மாதிரி நிக்கியே, நெஞ்சு தைரியம் எம்புட்டு இருக்கணும்?"

"நானா நின்னேன்? பேரைச் சொன்னது நீதான?"

"லுங்கியக் கட்டுனது நீதான?"

"எடுத்துக் குடுத்தது யாரு?"

கொஞ்ச நேரம் இப்படியே போனது. பிறகு அவள் குரல் தணிந்தது. "உம் மருமவன் என்னமோ சொல்லுவானே, ஒருத்தர் பேர இன்னொருத்தன் எடுத்துப் போட்டுக்கிடுதது. அதுதானடே இது?"

அதுதான் இது. ஆனால் நான் எடுத்துப் போட்டுக்கொண்டது லுங்கியை மட்டும்தான் என்று வாதாடினேன்.

அன்று சாயங்காலமே மருமகன் வந்துவிட்டான். பக்கத்து விங்கில் திருட்டு என்ற செய்தி எங்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருந்தது. கட்டடத்தின் வாட்ஸாப் குழுவில் அவனும் இருக்கிறான். ஷூவைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"அம்மா, இந்தத் தடவை விட்டுட்றேன். இன்னும் ஒரு மேட்டர் ஆச்சுன்னா, பேக் பண்ணிட்டு வந்துடணும். ஃபைனல். மாமா, நீங்க சாட்சி."

அக்கா சரி என்று தலையாட்டினாள். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, கண்ணில் பயமும் இருந்தது. அவளால் வேறு என்ன சொல்ல முடியும்? அவன் போனதும், குளியலறை விவகாரம் அவன் காதுக்குப் போகவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதுவும் ஒரு மேட்டர் ஆகிவிட்டால் வீடு போய்விடும்.

அதற்கடுத்த வாரம் ஒரு மதிய நேரம். மாட்டுங்காவில் ஒரு சரக்கைக் கொடுத்துவிட்டு, அங்கேயே அக்காவுக்குப் பிடித்த வாழைக்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு செம்பூருக்குப் போனேன். பெல் அடித்தேன். திறக்கவில்லை. என்னிடம் ஒரு சாவி உண்டு. திறந்து உள்ளே போனால், அக்கா நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜையில், சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போன். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே சத்தம் போடாதே என்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

போனில் ஒரு ஆண் குரல், கெட்டியான இந்தியில், அதட்டிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், பின்னால் கொடி. உங்கள் கணவரின் அடையாளத்தை வைத்துப் பெரிய மோசடி நடந்திருக்கிறது, கேஸ் பதிவாகிவிட்டது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த மாதிரி ஏமாற்று வேலையைப் பற்றி மருமகன் அனுப்பிய வீடியோக்களில் நிச்சயம் ஒன்று இருந்திருக்கும். அக்காதான் பார்ப்பதில்லையே. நான் பார்த்திருந்தேன். அப்படியிருந்தும் நான் போனை எடுத்து அணைக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அத்தானின் அடையாளத்தை வைத்து மோசடி என்று அவன் சொன்னதும், ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எனக்கே தோன்றிவிட்டது. மோசடி செய்தவன் நான்தானே? லுங்கி கட்டிக்கொண்டு நின்றவன். அக்காவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். குற்றமே செய்யாதவர்களை மிரட்டிப் பழகிய அந்த ஆளுக்கு, அன்று தற்செயலாக நிஜமான குற்றவாளிகளே அகப்பட்டிருந்தார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

கணவரைக் கூப்பிடு என்றான்.

"ஸாப் நஹா ரஹே ஹைன்," என்றாள் அக்கா. உயிர் போகிற நேரத்திலும் அதுதான் வந்தது.

காலையிலிருந்து இதையே சொல்கிறாய், இவ்வளவு நேரமா குளிப்பார் என்றான். ஆமாம் என்றாள். சரி, அவரும் அரெஸ்டில்தான் இருக்கிறார், அந்தக் குளியலறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல் என்றான். அக்கா பக்திப்பூர்வமாகக் குளியலறைப் பக்கம் திரும்பி, காலிக் கதவைப் பார்த்து, "ஏங்க, வெளிய வந்துராதிய," என்றாள்.

பாங்க் விவரங்களுக்கு அடி போடுவதற்கு முன்னால் அவள் இன்னும் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினான். உன் புருஷன் ஒன்றும் அப்பாவி இல்லை, போன வாரம் டெல்லியில் ஒரு பாங்குக்கு அவரே நேரில் வந்து கணக்குத் திறந்திருக்கிறார், மேனேஜர் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நானே கேமராப் பதிவில் பார்த்தேன் என்றான்.

அக்கா போனின் பக்கம் குனிந்தாள். பிறகு மெதுவாக, "நேரிலா?" என்று கேட்டாள்.

நேரில்தான் என்றான்.

"நீங்கள் பார்த்தீர்களா? எப்படி இருந்தார்?"

அவன் திணறினான். எப்படி என்றால்?

"இளைத்திருந்தாரா?"

கிண்டல் செய்கிறாள், விழித்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். கையைக்கூடத் தட்டியிருப்பேன். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். போனை இரண்டு கையாலும் எடுத்து முகத்துக்குக் கிட்டே வைத்திருந்தாள். அவள் கிண்டல் செய்யவில்லை.

நன்றாகத்தான் இருந்தார், பேச்சை மாற்றாதே என்றான் அவன்.

"வலது காலைச் சாய்த்து நடந்தாரா?" அத்தானின் நடை அப்படித்தான்.

ஆமாம் ஆமாம், சாய்த்துத்தான் நடந்தார் என்றான், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்.

அதற்கு மேல் அக்காவுக்கு இந்தி வரவில்லை. "அய்யா, அவியள விட்டுறாதிய. அங்கனயே பிடிச்சு உக்கார வையுங்க. ஒண்ணும் சொல்லாதிய, வையாதிய. நான் இப்பமே வாறேன். எந்த எடம்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

தமிழ் புரியாமல் அவன் கத்தினான். என்ன சொல்கிறாய், இந்தியில் சொல் என்றான். அக்கா கண்ணை மூடித் திறந்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று தெளிந்து இறங்கியதை நான் பார்த்தேன். போனைத் திரும்ப சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள்.

"ஸாப் செத்து நான்கு வருடங்கள் ஆகின்றன," என்றாள் இந்தியில், ஒவ்வொரு சொல்லாக. "நீங்கள் போன வாரம் பார்த்திருக்கிறீர்கள். எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்."

காக்கிச் சட்டை ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு ஒரு கை நீண்டு வந்தது, திரை கறுப்பாகிவிட்டது.

போலீஸ் எங்களைப் பார்த்துப் பயந்து ஓடியது எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல்முறை என்று சொல்லிச் சிரிக்க வாயெடுத்தேன். அக்கா முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். "ஒரு நிமிசம் நெசம்னு நெனச்சிட்டம்ல," என்றாள். "ஒரு நிமிசம்தான். அதுக்குள்ள என்னென்னமோ நெனச்சிட்டேன்."

எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பணம் பறிக்க வந்தவனை எனக்குப் புரியும், அவனை நம்பித்தான் என் வியாபாரமே நடக்கிறது. இவன் என் அக்காவிடம் அத்தானைக் கொடுத்துவிட்டு, மறுபடி பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். நான்கு வருடங்களில் அவள் வாயிலிருந்து அவர் செத்துவிட்டார் என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அதை அவன்தான் சொல்ல வைத்தான்.

டீ போட்டுக் கொடுத்தேன், சிப்ஸைப் பிரித்து வைத்தேன். ஒன்றும் போகவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, பையனுக்குத் தெரியவே வேண்டாம் என்றேன். தெரிந்தால் இதுதான் அந்த இன்னும் ஒரு மேட்டர். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். புடவை மாற்றியிருந்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போவோம்டே."

"போனா பையனுக்குத் தெரிஞ்சுரும்."

"தெரியட்டும். இவன் இந்நேரம் அடுத்த வீட்டுக்குப் போன் பண்ணிட்டிருப்பான். அங்கயும் ஒருத்தி உக்காந்திருப்பா."

ஸ்டேஷனில் அதே கான்ஸ்டபிள்தான் இருந்தார். அக்கா புகாரைச் சொல்ல ஆரம்பித்து, போன் வந்ததைச் சொல்லி, ஏன் பயந்தாள் என்று சொல்ல வேண்டி வந்து, கடைசியில் குளியலறை வரைக்கும் முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, கை விலங்கு எந்த மணிக்கட்டில் முதலில் மாட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது. "மாவ்ஷி, அன்றைக்கு நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்?" என்று கேட்டார்.

ஹாலில், நாற்காலியில் என்றாள் அக்கா.

"என் எதிரே சுவரில் ஸாபின் பெரிய படம். சந்தன மாலை. கீழே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. படத்துக்கு அடியில் இவர் லுங்கியோடு வந்து நின்றார்."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்கு வருடங்களாக அக்கா தினமும் பூப் போடுகிற படம். அது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவே வரவில்லை.

அன்றைக்கு அவர் எழுதியது அக்காவின் பெயரில் மட்டும்தான், சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று மட்டும்தான். வேறெதையும் எழுத அவருக்குத் தேவையில்லாமல் இருந்தது. போனில் வந்தவனைப் பற்றிய புகாரை முழுக்க வாங்கிக்கொண்டார். நம்பரைக் குறித்தார், இனி வந்தால் உடனே வைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். நிஜப் போலீஸ் யாரையும் போனில் அரெஸ்ட் செய்ய மாட்டார்கள், வீட்டுக்கு வந்து டீ குடிப்பார்கள் என்றார். கடைசியாக, வாசலில் செருப்புப் போடுகிற வித்தை பம்பாய்த் திருடர்கள் எல்லோருக்கும் தெரியும், முதலில் நல்ல பூட்டு ஒன்று போடுங்கள் என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மேலே ஓடுகிற மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே பூட்டைக் கழுவி, ஒட்டியிருந்த மாவைச் சுரண்டி, கதவில் மாட்டினேன். மருமகனுக்கு அக்காவே போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பெரிய காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தான்.

சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சாப்பிட்டான். புதுப் பூட்டை இரண்டு தடவை பூட்டித் திறந்து பார்த்தான். பிறகு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, "ஃபைனல்னு சொன்னேன்லம்மா," என்றான். குரலில் பலம் இல்லை.

"சொன்ன. அதான் மறைக்காம ஒங்கிட்ட சொன்னேன். ஏமாந்தா போனேன்? நானே போயி புகார் குடுத்தேம்லா."

அவன் எழுந்தான். வாசலைக் காட்டினான். "சரி, அந்தச் செருப்பு எதுக்கு இன்னும்? போலீஸே சொல்லிட்டாரு, எந்தத் திருடனும் அதுக்குப் பயப்பட மாட்டான்."

"கள்ளனுக்குன்னு யாருடே சொன்னா?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "காலையில எந்திச்சதும் அதத் தொடச்சி, இன்னைக்கு எந்தப் பக்கமாத் திருப்பிப் போடலாம்னு ஒரு யோசன வரும். எனக்கு அது வேணும். ஒங்க வீட்டுல செருப்ப அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டுவிய. அங்க வந்தா அவிய எங்க குளிப்பாவ?"

மருமகன் சுவரில் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் பூட்டைப் பார்த்தேன். நானும் இத்தனை நாளாக அதைத் திருடனுக்குப் போட்ட செருப்பு என்றுதான் நினைத்துக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அவன் தன் ஷூவைப் போடவில்லை. அப்பாவின் கோலாப்புரிக்குப் பக்கத்தில் நின்று, "இதப் போட்டுக்கவாம்மா?" என்று கேட்டான்.

அக்கா அவன் காலையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "வார் அறுந்துராம நட," என்றாள்.

காலை நுழைத்தான். கொஞ்சம் பெரிதாக இருந்தது. தன் ஷூவை எடுத்து, ஒன்றை நேராகவும் ஒன்றைக் கொஞ்சம் சாய்த்தும் வாசலில் வைத்தான். "இது இங்கயே இருக்கட்டும். நீ டெய்லி திருப்பி வை. நான் வர்றப்ப வந்து மாத்திக்கிறேன்," என்றான். காலிப் பெட்டியைக் காலியாகவே தூக்கிக்கொண்டு இறங்கினான்.

படியில் கோலாப்புரியின் சத்தம் கீழே போய்க்கொண்டிருந்தது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு, அது முழுக்கத் தேய்கிற வரை நின்றாள். அப்போது போன் அடித்தது. கூரியர்க்காரன். அத்தான் பெயரில் ஒரு பார்சல், கீழே நிற்கிறேன், ஸாப் இருக்கிறாரா என்று கேட்டான்.

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். படியைப் பார்த்தாள்.

"ஸாப் இப்போதுதான் கிளம்பினார்," என்றாள் இந்தியில். "நான் இருக்கிறேன். மேலே கொண்டு வாருங்கள்."

அவன் வந்தான். பார்சலை வாங்கிக்கொண்டு, அவன் நீட்டிய இடத்தில் அக்கா தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.